கார் ரேடியோவில் தங்கச்சி

என் தங்கச்சி கடலுக்கு அக்கரையில், இந்தியாவில் மண்டபத்துப் பக்கம் இருக்கிறாள். சண்டைக் காலத்தில் தலைமன்னாரிலிருந்து படகேறிப் போனவள், அங்கேயே பிள்ளை பெற்று, புருஷனையும் அடக்கம் செய்து, இருந்துவிட்டாள். நான் போகவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் எழுத்து பெரிதாக ஓடாது. அதனால் குரலைப் பதிந்து அனுப்புவாள். அது என் மகளின் போனுக்குத்தான் வரும். மகள் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, சின்னம்மா சுகமாம், உங்களைக் கேட்டவவாம் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சோறு கொதித்து வடித்து முடியும்வரை அந்தப் போன் கதைக்கும். எனக்குக் கிடைப்பது அந்த இரண்டு சொல்தான். என் தங்கச்சி ஒருநாளும் இரண்டு சொல்லோடு நிறுத்துகிறவள் இல்லை. மிச்சமெல்லாம் எங்கே போகிறது என்ற யோசனை வந்த பிறகு எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. முற்றத்துக்கும் வேலிப் படலைக்கும் நடந்தேன். சொல்லடி என்று மகளிடம் கெஞ்சுவதும் எனக்கு வராது.

எனக்குக் காது மந்தம். போனைக் காதில் வைத்தால் தகரப்பேணிக்குள் வண்டு போனதுபோலத்தான் இருக்கும். ஆனால் காரில் ஏறியிருந்தால் ரேடியோ சொல்வது முழுக்க விளங்கும். கதவில் இருக்கும் ஸ்பீக்கர் என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து கதைக்கிறது. அந்தக் கார் என்னுடையது. கருவாடு காயப்போட்டு விற்று நான் வாங்கின ஜப்பான் கார். ஓட்டுகிறது மருமகன். அந்த ரேடியோவுக்குள் போன் கதைக்கப் பண்ணித் தாரும் தம்பி என்று அவரிடம் கேட்டேன். ஏன் என்று சொல்லவில்லை.

அவர் ரேடியோவைத் தட்டிப் பார்த்தார்.

"மாமி, இது கிழட்டுச் செற். கழட்டி எறிஞ்சுபோட்டு, ரீவி மாதிரிப் படம் தெரியிற புதுசு ஒண்டு பூட்டுவம்."

"கிழடெண்டா எறியிறதோ? அப்ப என்னையும் கொண்டுபோய்க் கீரிக் கடலுக்கை விடுங்கோ."

அதோடு புதுசு என்ற கதை நின்றது. காரோடு வந்த செற் அது. அதன் குமிழைக் கண்ணை மூடிக்கொண்டும் திருப்புவேன். அதைக் கழற்ற நான் விடமாட்டேன்.

மருமகன் கடையிலிருந்து பெருவிரல் அளவு சாமான் ஒன்று வாங்கி வந்தார். காரில் சிகரெட் பற்றவைக்கிற ஓட்டைக்குள் அதைச் சொருக வேண்டும். அது புளூடூத்தில் போனைப் பிடித்து, குட்டி ரேடியோ நிலையம்போலத் திருப்பி வீசும். நம் செற் அதைப் பிடிக்கும் என்று விளக்கினார். ஆனால் ஜப்பான் செற்றில் நம்பர் தொண்ணூறோடு முடிந்துவிடும். அதற்குள் ஒருத்தரும் கதைக்காத இடமாக ஒன்று தேட வேண்டும். தோட்டவெளியில் எங்கள் வளவுக்குள் காரை விட்டுக்கொண்டு, வேப்ப மரத்தின் கீழ் தேடினார். ஒரு நம்பரில் சத்தம் செத்துக் கிடந்தது. அதில் வைத்து, மகளின் போனில் வந்து கிடந்த ஒரு பதிவைப் போட்டார். அக்கா என்று தங்கச்சி கூப்பிட்டது பக்கத்தில் இருந்து கூப்பிட்டதுபோலக் கேட்டது. அந்த நேரம் பார்த்து மகள் வாசலுக்கு வந்தாள். நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் தலைமன்னாருக்குக் கருவாடு எடுக்கப் போகவேண்டும் என்று சொல்லிக் காரில் ஏறினேன். மகளுடைய போனோடுதான் சாமானை இணைத்திருக்கிறது, வழியில் சோதித்துப் பார்க்கிறேன் என்று மருமகன் அதையும் வாங்கிக்கொண்டார். அங்கே அவர் வள்ளக்காரரோடு கதைக்கப் போவார், நான் தனியே இருந்து கேட்கலாம் என்பது என் கணக்கு. பேசாலை தாண்டியதும் மருமகன் சோதிக்கப் போட்டார்; அக்கா என்று தொடங்கின தங்கச்சியின் குரலுக்குள் உடனே வேறொரு குரல் வந்தது. இன்னும் கொஞ்சம் போக, தாளமும் மேளமுமாக அக்கரை நகைக்கடை விளம்பரம். எங்கள் வளவுக்குள் வெறுமையாக இருந்த நம்பரில், கடலோரம் வர வர, இந்தியா ஏறி உட்கார்ந்துகொண்டது. அவள் இருக்கிற கரையின் சத்தமே அவளை மூடிவிட்டது. அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். எங்கள் ஊர்களில் அந்த நாட்களில் பாட்டுப் போடுவதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்ட காரில் தாலிக்கொடி பாட்டோடு கோவிலைத் தாண்டினோம். வாசலில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. மருமகன் நிறுத்தத் தடவினார். கை பதறி, சத்தம் இன்னும் கூடியது.

திரும்பி வரும்போது அந்தச் சாமானைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு வந்தேன். அவருக்கு அது உறைத்திருக்க வேண்டும். கொழும்பிலிருந்து வேறொன்று எடுப்பித்தார். அந்தச் செற்றின் பின்புறத்தில், முந்திய காலத்தில் சீடிப் பெட்டி பூட்டவென்று விட்ட வாய் ஒன்று சும்மா கிடக்கிறதாம். இதை அதில் கொழுவினால், சீடிப் பெட்டிதான் வந்திருக்கிறதென்று செற் நம்பிவிடும். காற்றில் வீசுகிற வேலையே இல்லை. இந்தியா குறுக்கே வராது.

அது வந்து சேரும்வரை தங்கச்சி இன்னும் அனுப்பினாள். மகள் ஒவ்வொரு முறையும் போனோடு கிணற்றடிக்குப் போனாள். நான் செபமாலையை எடுத்தால் எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்பது தெரியாமல் போய்விடும்.

மருமகன் பற்றறி வயரைக் கழற்றினார். அகப்பைக் காம்பில் துணி சுற்றி, முன்பலகையை நெம்பி எடுத்தார். செற்றை வெளியே இழுக்க, பின்னாலிருந்து கடற்கரை மண் கொட்டியது. கம்பிகளின் நுனி உப்புக் காற்றில் பச்சையாய்ப் பூத்திருந்தது. பழைய பல்லுத் தூரிகையால் தேய்த்தார். தம்பி, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். இந்தச் செற்றுக்குப் பொறுமை வேணும் மாமி, நீங்கள்தானே எறிய விடவில்லை என்றார்.

பூட்டி முடித்து, மனைவியின் போனை எடுத்துவந்து, சீடி என்ற பொத்தானை அமத்தினார். வேலை செய்தது. கையில் எண்ணெய் என்று கழுவப் போனார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தங்கச்சியின் படத்தில் விரலை வைத்தேன்.

ஒன்று முடிய அடுத்தது தானாக ஓடியது. அவளுடையதும், மகள் அனுப்பின பதிலும் மாறி மாறி.

"அக்கா, ஏன் பேச மாட்டேங்கிறே? எனக்கு இங்க இனிமே முடியல. நம்ம வீட்டுக்கு வாறன் எண்டு எத்தனை தரம் சொல்லிப்போட்டன். வரவா, வேணாமா?"

அக்கரைப் பேச்சும் எங்கள் பேச்சும் கலந்திருந்தது. அதன் பிறகு மகளின் குரல்.

"அம்மாக்கு இப்ப ஏலாது சின்னம்மா. யோசிச்சுச் சொல்லுறாவாம். பிறகு பாப்பம்."

நான் யோசிக்கிறேனாம். கதவைத் திறந்து மகளைக் கூப்பிட்டேன். அவள் வந்து, காருக்குள் தன் குரல் ஓடுவதைக் கேட்டு நின்றாள்.

"சின்னம்மாவும் ஏலாத ஆள். வந்தா நீங்கள்தான் அவவைத் தூக்கிப் பாப்பீங்கள். உங்களைத் தூக்கிறது ஆர்? நான்தானே அம்மா."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் குத்தியது. என் வயிற்றில் பிறந்தவள் எனக்காகப் பயந்துதான் மறைத்தாள். ஆனால் என் தங்கச்சிக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். அவள் கையைப் பிடித்து, உள்ளே போ பிள்ளை, நான் கதைக்கிறேன் என்றேன்.

மைக் படத்தை அமத்திக்கொண்டு கதைக்க வேண்டும் என்று பார்த்திருக்கிறேன். முதல் தரம் விரல் வழுக்கிவிட்டது. இரண்டாம் தரம் பிடித்துக்கொண்டேன்.

"அடியே, நான்தான். எனக்கு ஒருத்தரும் சொல்லயில்லை. நீ வா. வந்து என்னோட இரு. ஏலுமான மட்டும் ரெண்டு பேரும் பாப்பம்."

விரலை எடுக்க, அது போனது. மருமகன் ஈரக் கையோடு வந்து, இப்படிச் செற்றைப் போட்டே வைத்திருந்தால் பற்றறி இறங்கிவிடும் மாமி என்றார். இறங்கட்டும் என்றேன். கதவுப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு, அடுத்த குரல் வரும்வரை அந்த இருக்கையை விட்டு நான் எழும்பவில்லை.