மஞ்சள் குடையும் பச்சைக் கோடு போட்ட பஸ்ஸும்

விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் என்று யார் சொன்னது? இருப்பதையெல்லாம் டிக்கெட்டுக்குக் கொட்டிவிட்டு, வெளியே வந்ததும் டாக்சிக்காரர் கேட்கிற தொகையில் மயக்கம் போட்டு விழாத குறையாக நிற்கிறவர்கள்தான் பாதிப் பேர். அந்தப் பாதிப் பேரை நம்பித்தான் அந்தப் பதினோரு அறை ஓட்டல் நடந்துகொண்டிருந்தது. கார் கிடையாது, லிஃப்ட் கிடையாது. முதலாளி அறை எடுக்கிறவர்களுக்கெல்லாம் போனில் ஒரு செய்தி அனுப்பிவைப்பார். ஏர்போர்ட் வாசலில் இந்த நம்பர் பஸ் ஏறுங்கள், மணிக்கூண்டு ஸ்டாப்பில் இறங்குங்கள், மஞ்சள் குடை பிடித்து ஒரு அம்மா நிற்பார், அவர் பின்னாலேயே வாருங்கள் என்று.

அந்த அம்மாவைத்தான் அந்த வட்டாரமே குடைக்காரி என்று கூப்பிட்டது. ஆறு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் திருதிருவென்று முழிப்பதற்குள் குடையை ஒரு ஆட்டு ஆட்டுவாள். பெட்டிக்கு இரண்டு பிடி இருந்தால் கனமான பக்கம் அவளுடையது. சைக்கிள் கடைச் சந்து, இஸ்திரி வண்டி, மூடி உடைந்த சாக்கடை, அப்புறம் இடது பக்கம் ஓட்டல். நடக்க ஏழு நிமிஷம். முட்டி வலிக்காரர் என்றால் பத்து. அந்த ஏழு நிமிஷத்துக்குள் எந்த அறையில் வெந்நீர் வரும், எந்த ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பது வரைக்கும் சொல்லி முடித்திருப்பாள். படிக்கத் தெரியாது. ஆனால் எந்த டிரைவர் ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று பஸ் திரும்புகிற தோரணையிலேயே சொல்லிவிடுவாள்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷிதான். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்கு வயிறு எரியும். அந்த விஷயம் அவள் வீட்டிலேயே குடியிருந்தது.

அவள் கொழுந்தன் பெண்டாட்டி, சின்னவள். இரண்டு அறை, ஒரு அடுப்படி, அதற்குள் இரண்டு ஓரகத்திகள், நடுவில் மாமியார். சின்னவள் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். கரண்ட் பில்லை அவள்தான் படிப்பாள். மாமியாரின் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, இது ராத்திரிக்கு, இது சாப்பாட்டுக்கு முன்னே என்று பிரித்து வைப்பாள். மாமியாரும் வாயெல்லாம் பல்லாக, "சின்னவ இல்லைன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்" என்பாள். எட்டு வருஷமாக வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள், அவளை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இவள் புடவை கட்டினால் புடவை, அவள் கட்டினால் அழகு. இவள் செருப்பு ஆறு மாதத்தில் தேயும், அவளுடையது புதுசாகவே இருக்கும். குடைக்காரி இதையெல்லாம் ஒன்று விடாமல் மனசில் குறித்து வைத்திருந்தாள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாபகம் அதிகம்.

இப்படி இருக்கையில் சின்னவள் வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள். அதே நேரத்தில் ஓட்டல் முதலாளிக்கும் ஒரு யோசனை வந்தது. பஸ் ஏற வேண்டியவர்கள் பலர் ஏர்போர்ட் வாசலிலேயே பயந்துபோய் வேறு ஓட்டல்காரர்களின் வண்டியில் ஏறிவிடுகிறார்கள். அங்கேயே ஒரு ஆள் பெயர் எழுதின அட்டையோடு நின்று, கையோடு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன? அட்டை என்றால் படித்த ஆள் வேண்டும். காய்கறிக் கடையில் அவரைப் பார்த்த மாமியார், எங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முதலாளி குடைக்காரியைக் கூப்பிட்டு, நாளைக்கு ஒரு நாள் உன் ஓரகத்தியை அனுப்பிப் பார்க்கலாம் என்றார். கண் ஆபரேஷனுக்கு ஒரு ரிட்டயர்டு தபால்காரரும் அவர் சம்சாரமும் வருகிறார்கள், அவர்களை வைத்தே பார்த்துவிடலாம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அங்கேருந்தே கூட்டிட்டு வந்துட்டா, அப்புறம் ஸ்டாப்புல எதுக்கும்மா தனியா ஒரு ஆள்? நாளைக்குப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்."

குடைக்காரிக்குத் தரை நழுவியது. அவளிடம் வேறு என்ன இருந்தது? வீட்டில் மாமியார் அவளுடையவள் இல்லை, அடுப்படி பாதிதான் அவளுடையது. முழுசாக அவளுடையது என்று இருந்தது அந்தக் குடைக்கு அடியில் இருக்கிற வட்டம் ஒன்றுதான். அதற்குள்ளும் சின்னவள் காலை வைக்கிறாள்.

ஆனால் குடைக்காரிக்கு ஒன்று தெரியும், அது ஏர்போர்ட்காரர்களுக்கே தெரியாது. அந்த நம்பர் பஸ்ஸில் இரண்டு வகை உண்டு. நீலக் கோடு போட்டது பாலத்து மேலே வரும். பச்சைக் கோடு போட்டது மார்க்கெட்டைச் சுற்றி வரும். பலகையில் இரண்டுக்கும் ஒரே நம்பர், ஒரே ஊர்ப் பெயர். குழாய் பதிக்கிறோம் என்று ரோட்டைத் தோண்டிப் போட்ட பத்து நாளாகப் பச்சைக் கோடு மணிக்கூண்டுப் பக்கமே வருவதில்லை. சரக்கு ரயில் கொட்டகைக்குப் பின்னால் எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. அங்கிருந்து இருபத்தைந்து நிமிஷ நடை. நாள் முழுக்க ஸ்டாப்பில் நிற்கிறவளுக்குத்தான் இது தெரியும். படிப்பில் இது வராது.

மறுநாள் காலையில் சின்னவள் அட்டையைத் துணியால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து கேட்டாள். "அக்கா, நான் அங்க போனதே இல்ல. பஸ்ஸுல எதாவது பார்த்து ஏறணுமா?"

குடைக்காரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாமியார் அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து, படிச்ச பொண்ணுக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா, பலகையைப் பார்த்து ஏறிக்குவா என்றாள்.

"அதான் சொல்லிட்டாங்களே, பலகையைப் பார்த்து ஏறு" என்றாள் குடைக்காரி, திரும்பிப் பார்க்காமலே.

பதினொன்றரைக்கு அவர்கள் வந்திருக்க வேண்டும். நீலக் கோடு ஒன்று வந்தது, இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பச்சையில்தான் ஏறியிருக்கிறாள் மகராசி. போகட்டும், படிப்பு எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வருகிறது பார்க்கலாம். அப்போதுதான் மழை பிடித்தது. தூறல் இல்லை, வாளியைக் கவிழ்த்த மாதிரி.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். சின்னவள் படம். அந்தப் படத்தில்கூட அவள் லட்சணமாகத்தான் இருந்தாள். குடைக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள், அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது, மறுபடி ஓய்ந்தது. மூன்றாவது தடவை அடித்தால் எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். அடிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அவள் குடையைச் சாய்த்து மார்க்கெட் பக்கம் எட்டிப் பார்த்தாள். சின்னவள் நனைந்தால் நனையட்டும். ஆனால் கண் தெரியாத ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் கூட இருக்கிறார்களே. ரயில் கொட்டகைப் பக்கம் முழுக்கக் குழி வேறு. இவளாகவே போனை எடுத்து அழுத்தினாள். மணி போகவே இல்லை. ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்று நாலடி வைப்பாள். ஸ்டாப்பை விட்டுப் போன நேரத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று திரும்பி வருவாள். ஒரு மணி வரைக்கும் இதே நடைதான். பக்கத்தில் பழவண்டிக்காரர், என்னம்மா காலில் சக்கரமா என்று கேட்டார்.

ஒன்றேகாலுக்கு மார்க்கெட் பக்கத்திலிருந்து மூன்று பேர் நடந்து வந்தார்கள். முன்னால் சின்னவள், தலையில் பெட்டி. புது செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு பெரியவர், பின்னால் அவர் சம்சாரம். தபால்காரரின் சம்சாரம்தான் முதலில் கையை நீட்டினாள். "இதோ இருக்குங்க மஞ்சள் குடை. பொண்ணு சொன்ன மாதிரியே நிக்கிறாங்க."

சின்னவள் வழியெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு வந்தாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. மழையானாலும் என்னுடைய அக்கா அந்த இடத்தை விட்டு அசைய மாட்டாங்க, குடை தெரிந்தால் வந்துவிட்டோம் என்று அர்த்தம், அது வரைக்கும் நடங்க என்றே சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். குடைக்காரி பெட்டியை வாங்கிக்கொண்டு பெரியவருக்குக் குடை பிடித்தாள். ஏழு நிமிஷமும் வெந்நீரைப் பற்றியோ ஜன்னலைப் பற்றியோ ஒரு பேச்சு இல்லை.

ஓட்டலில் முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இரண்டு மணி நேரம் தாமதம், வந்தவர்கள் சொட்டச் சொட்ட நிற்கிறார்கள். எந்த பஸ்ஸில் ஏறினாய், உன் ஓரகத்தி ஒன்றும் சொல்லவில்லையா என்று சின்னவளைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா சொன்னாங்க சார். நான்தான் மறந்துட்டேன். போனும் பண்ணினேன், மழைச் சத்தத்துல அவங்களுக்குக் கேட்டிருக்காது. அப்புறம் என் போன்ல தண்ணி போயிடுச்சு."

எந்தப் பஸ் என்று குடைக்காரி ஏன் சொல்லவில்லை என்பது சின்னவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இப்படிச் சொல்கிறாள். குடைக்காரிக்கு அழுகை வந்திருக்கலாம், வரவில்லை. பற்றிக்கொண்டு எரிந்தது. படிப்பு அவளுக்கு, அழகு அவளுக்கு, மாமியார் அவளுக்கு. இப்போது பெருந்தன்மையும் அவளுக்கா? அதையும் தட்டிக்கொண்டு போகவிட்டால் தனக்கு என்னதான் மிச்சம்?

"பொய் சொல்றா சார்" என்றாள். "நான் சொல்லவே இல்ல. பச்சைக் கோடு இந்தப் பக்கம் வராதுன்னு எனக்குத் தெரியும். காலைல கேட்டா, சொல்லல. போன் ரெண்டு தடவை அடிச்சுச்சு, நல்லாக் கேட்டுச்சு. பார்த்துக்கிட்டேதான் நின்னேன்."

முதலாளிக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. தபால்காரரின் சம்சாரமோ முந்தானையைப் பிழிந்துகொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "எனக்கும் ஒரு ஓரகத்தி இருக்கா. அவ கூப்பிட்டா நான் மட்டும் எடுத்துருவேனாக்கும்?"

பெரியவர் துண்டால் தலையைத் துவட்டியபடி, முப்பது வருஷம் வீடு வீடாக நடந்த கால்தான் இது, நடந்தது பெரிசில்லை என்றார். அட்டையைக் காட்டினார்கள், என் கண்ணுக்கு அது தெரியவில்லை. மஞ்சளாக ஒன்று தெரிந்ததே, அதுதான் தெரிந்தது என்றார்.

முதலாளி கொஞ்ச நேரம் கணக்குப் புத்தகத்தை வெறுமனே புரட்டினார். ஒரு வாரத்துக்கு இரண்டு பேரும் பாருங்கள், அவள் அங்கே, நீ இங்கே, இன்னொரு தடவை போன் அடித்து எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டால் இரண்டு பேருமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த ஒரு வாரம் அப்புறம் முடியவே இல்லை.

வீட்டில் சின்னவள் எதையும் சொல்லவில்லை. மாமியார் காதில் போட்டுவிடுவாள், அன்றைக்கே ஒரு சண்டை போட்டு முடித்துக்கொள்ளலாம் என்று குடைக்காரி காத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆனது, ராத்திரியும் ஆனது. சொல்லவில்லை. அதுவும் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் காலையில் பாத்திரம் தேய்த்தபடி, திரும்பாமலே சொன்னாள். "நீலக் கோடு போட்டது பாலத்து மேல வரும். பச்சையில ஏறாத."

"சரிக்கா."

"முன் வாசல்ல ஏத்தாத, பெட்டி மாட்டிக்கும். பின் வாசல்ல ஏத்து."

"சரிக்கா."

"சரிக்கா, சரிக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டு சட்டியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

அன்றைக்குப் பதினொன்றே முக்காலுக்கு நீலக் கோடு வந்து நின்றது. பின் வாசலில் சின்னவள் இறங்கினாள். நனைந்து காய்ந்த செருப்பு அப்போதும் புதுசாகத்தான் இருந்தது. கூட வந்த மூன்று பேரும் அவள் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். தன் பின்னால் வருகிறவர்கள் யாரும் இப்படிச் சிரித்ததில்லையே என்று குடைக்காரிக்குத் தோன்றியது. ஒரு பெருமூச்சு விட்டாள். அப்புறம் குடையைத் தேவைக்கு மேலே ஒரு சாண் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பெட்டியின் கனமான பக்கத்தைச் சின்னவள் தொடுவதற்கு முன்னால் பிடுங்கிக்கொண்டாள்.