வாசிகசாலைக்கு ஒரு பிடி

எங்கள் ஊர் வாசிகசாலையைப் பூட்டுவதற்குப் பெரியவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாமே நியாயமாக இருந்தன. அம்மாவுக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. இணுவிலுக்கு அப்பால் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் ஊர். பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைக்காமல் நீர்ப்பம்புகள் நின்றுபோக, கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார்கள். பத்திரிகை பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்கூட அச்சாகி வந்தது. இந்த நிலையில் வாசிகசாலைக்கு மாதச் சந்தா கொடுக்க யாரால் முடியும்? சந்தா வராமல் பத்திரிகை நின்றது. பத்திரிகை நின்றதும் ஆட்கள் வருவதும் நின்றது. பட்டணத்து வியாபாரி ஒருவர் கட்டடத்தை வெங்காயம் அடுக்கி வைக்க வாடகைக்குக் கேட்டார். அந்தக் காசில் பொதுக்கிணற்றைத் திருத்தலாம் என்றார் வாசிகசாலைத் தலைவர். அவர் வீதி வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர். ஊரிலேயே பெரிய புகையிலைத் தோட்டம் அவருடையது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா அந்தத் தோட்டத்தில்தான் கூலிக்குக் கொத்தினார், இறைத்தார். பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர்கள் கையை உயர்த்திவிட்டால் கதை முடிந்தது. புத்தக அலுமாரி கோயில் களஞ்சிய அறைக்குப் போய்விடும்.

எங்கள் குடும்பத்தில் எழுத்து வாசித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றும் மனமில்லை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. பள்ளிக்கூடம் விட்டதும் வாசிகசாலை மேசையில் எட்டிப் பத்திரிகை வாசிப்பேன். வாசித்ததை மனதில் ஏற்றிக்கொண்டு, அம்மாவும் மற்றப் பெண்களும் புல்லுப் பிடுங்கும் வெங்காயத் தோட்டத்துக்கு ஓடுவேன். முதலில் மரண அறிவித்தல் சொல்ல வேண்டும். செத்தவரின் ஊர், மருமக்களின் ஊர், பேரப்பிள்ளைகள் இருக்கும் நாடு எதையும் விடக்கூடாது. அதன் பிறகுதான் வாரமலர்த் தொடர்கதை. "அந்தப் பெட்டை கடைசியா அவனைக் கட்டினாளோ இல்லையோ?" என்று வரப்பில் நின்று நச்சரிப்பார்கள். பத்திரிகை நின்ற வாரம் அந்தப் பெண் கலியாண வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பிறகும் அங்கேயே நின்றாள்.

அம்மா ஒருநாள் குசினியில் உலை கொதிக்க, அரிசிச் சுளகைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு ஒரு பிடியை அள்ளிப் புறம்பாக ஒரு சட்டியில் போட்டார். எங்கள் பக்கத்தில் இது புதிய வழக்கமில்லை. கோயில் திருவிழாவுக்கும், ஒருமுறை பள்ளிக்கூடக் கூரைக்கும் வீட்டுக்கு வீடு இப்படிப் பிடியரிசி சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். வாசிகசாலைக்கென்று யாரும் கேட்டதில்லை. அம்மா கேட்கப் புறப்பட்டார்.

அப்பா வேலிப் படலைக்குள் நின்று மறித்தார். "சனம் அரைவயித்துக்குச் சாப்பிடுற நேரத்திலை அரிசி கேட்டுப் போறியோ? அதுவும் தலைவர் ஐயாவின்ரை சொல்லுக்கு எதிராய்!"

"உங்களை நான் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் உங்கடை பாட்டிலை இருங்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா என்னையும் ஒரு சாக்குப் பையையும் இழுத்துக்கொண்டு நடந்தார்.

எல்லா வீட்டிலும் உள்ளே வரச் சொல்லவில்லை. சில வீடுகளில் படலைக்கு வெளியே நிற்கவேண்டும். அம்மா நின்றார், ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை. கடைக்கார வீட்டு அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஆனா ஆவன்னா தெரியாத உனக்கு வாசிகசாலை என்னத்துக்கடி?"

"எனக்குத் தெரியாதபடியால்தான் கேக்கிறன். தெரிஞ்ச நீங்கள் ஏன் பூட்ட விடுறியள்?"

"உந்த வாய்க்கே உன்னை வாசலிலை நிப்பாட்ட வேணும்."

"நிக்கிறன்தானே. அரிசியைக் கொண்டு வாங்கோ."

அந்த அம்மா முறைத்தபடி உள்ளே போனார். திரும்பி வந்து ஒரு பிடியைப் பையில் போட்டார். போட்டுவிட்டு மெல்ல என்னைக் கேட்டார்: "ஏன் பிள்ளை, மரண அறிவித்தல் திரும்ப வருமோ?"

பத்திரிகை ஏஜெண்டர் காசுக்குப் பதிலாக அரிசி எடுக்கச் சம்மதித்திருந்தார். முதல் வாரம் நிறைந்த பையோடு அவரிடம் போனோம். அவர் கையை விட்டு அளைந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். புழுங்கல், பச்சை, கூட்டுறவுச் சங்கக்கடைக் குறுணல் எல்லாவற்றையும் நான் ஒரே பையில் வாங்கியிருந்தேன். "எணை, இதை ஆர் எடுக்கிறது? ஒண்டு வேகுறதுக்கிடையிலை மற்றது கரைஞ்சுபோமெல்லே!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை படலை, அத்தனை பேச்சு, எல்லாம் வீண். அம்மா பையின் வாயைக் கட்டினார்.

"கரைஞ்சால் கஞ்சிதானே. அழாதை. கூட்டத்தண்டைக்குக் கஞ்சி வைப்பம்."

அடுத்த வாரம் முதல் வகைக்கொன்றாக மூன்று பைகளோடு போனோம். ஏஜெண்டர் மறுபேச்சில்லாமல் எடுத்தார். பத்திரிகை மீண்டும் மேசைக்கு வந்தது. தொடர்கதைப் பெண் நான்கு அத்தியாயம் முந்திப் போய்விட்டதால், இடையில் நடந்ததை நானே இட்டுக்கட்டிச் சொன்னேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பொதுக்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வழக்கமாகக் கூட்டத்துக்கு ஆள் சேராது. அன்று வாசிகசாலை முற்றத்தில் அம்மாவும் தோட்டத்துப் பெண்களும் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சியதால் ஊரே வந்தது. தேங்காய்ப்பாலும் பயறும் போட்ட கஞ்சி. சிலர் வாங்கிக் குடித்தார்கள். சிலர் குடிக்கவில்லை. ஏனென்று அப்போதே எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்து வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் தங்கள் வீட்டு அரிசியும் அதே கிடாரத்துக்குள்தான் கொதிக்கிறது என்று நினைவு வந்து, குடிப்பதா விடுவதா என்று தவித்த முகங்களைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது.

உள்ளே ஆண்கள் நீள வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் அங்கத்தவர்தான், ஆனால் பின்சுவரோடு ஒட்டி நின்றார். பெண்கள் யாரும் அங்கத்தவர் இல்லை. ஆனாலும் வாசலையும் இரண்டு சன்னல்களையும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் தடையைப் பற்றிப் பேசினார், கிணற்றைப் பற்றிப் பேசினார், வாடகையைப் பற்றிப் பேசினார். "பசிக்குப் புத்தகத்தைச் சாப்பிடேலுமே?" என்று கேட்டார்.

வாசலில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "சாப்பாட்டிலை கை வைச்சுத்தான் ஐயா இதுக்குத் தந்தனாங்கள். பசி எங்களுக்குத் தெரியும்."

"மெம்பர்மார் மட்டும் கதையுங்கோ."

"யாழ்ப்பாணத்து நூலகத்தை எரிச்சவங்களை இண்டைக்கும் நிண்டு திட்டுறம். எங்கடையை நாங்களே பூட்டினால் ஆரைத் திட்டுறது?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளியிலை நிக்கிற பொம்பிளையளுக்கு வாக்கில்லை" என்றார்.

"தெரியும் ஐயா. நாங்கள் கை உயர்த்தேல்லை. ஆற்றை கை எங்கை போகுதெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறம்."

சன்னல் பக்கம் சிரிப்பு எழுந்தது. உள்ளே இருந்த புருஷன்மார் சிரிக்கவில்லை.

வாடகைக்குக் கொடுக்க விருப்பமானவர்கள் கையை உயர்த்தும்படி தலைவர் சொன்னார். முன்வாங்கில் இருந்தவர்கள் மட்டும் உயர்த்தினார்கள். விருப்பமில்லாதவர்கள் என்று கேட்டபோது ஒரு கையும் எழவில்லை. மடியில் கிடந்த கைகளைக் குனிந்து பார்த்தபடி இருந்தார்கள். தலைவரின் முகத்துக்கு எதிரே முதல் கையை உயர்த்த யாருக்கும் துணிவில்லை. கடைக்கார வீட்டு அம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் புருஷனின் பிடரியையே பார்த்தார். அம்மா ஒருவரையும் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் பின்சுவர் பக்கம் ஒரு கை எழுந்தது. துலாக் கொடி இழுத்துக் காய்ப்பேறிய கை. அப்பாவுடையது. தலைவரும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கை இறங்கவில்லை. பிறகு கடைக்காரர் உயர்த்தினார். அதன் பிறகு வாங்கு வாங்காகக் கைகள் எழுந்தன. எண்ணவேண்டிய தேவையே இருக்கவில்லை.

வாசலில் பெண்கள் கூச்சலிட்டார்கள். நான் அப்பாவிடம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அது ஈரமாக இருந்தது. வெக்கை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கத்துக்கு மாறாகச் சோற்றை முதலில் அப்பாவுக்குப் போடாமல், அவர் பக்கத்தில் போய் இருந்துகொண்டார்.

"நான் உங்களைக் கேக்கேல்லையே" என்றார்.

"ஓம், கேக்கேல்லை" என்றார் அப்பா.

அடுத்த நாள் நான் எழும்பியபோது நன்றாக விடிந்திருந்தது. மற்ற நாட்களில் இருட்டோடு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விடுகிற அப்பா, முற்றத்து வேப்பமரத்தடியில் சாக்கைப் போட்டு இருந்தார்.

"அப்பா, இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையோ?"

"இல்லை மோனை. லீவு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட்டத்தில் வென்றதற்காகத் தலைவர் ஐயாவே கொடுத்த லீவு என்று எண்ணிக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் வாசிகசாலைக்கு ஓடிப்போய்ப் பழைய வாரமலரைக் கேட்டு வாங்கி வந்து, தொடர்கதையைத் தொடக்கத்திலிருந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுநாளும் லீவு. அதற்கடுத்த நாளும் லீவு. அந்த வாரம் முழுவதும் வாசித்தோம். பள்ளிக்கூடத்தில் என் கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். எங்கள் வகுப்பில் உத்தியோகத்தர் பிள்ளைகளின் அப்பாமாருக்கு மட்டும்தான் அதுவரை லீவு கிடைத்திருந்தது.

தோட்டக் கூலிக்கு லீவு என்று ஒன்று கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது.