பாதி ரோட்டில் நெல்

லாரி என்றால் எனக்குப் பயம். இதைச் சொல்ல வெட்கமில்லை. மன்னார்குடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து போக வர சைக்கிள்தான். முதுகுக்குப் பின்னால் ஏர் ஹாரன் அடித்தால், இத்தனை வருஷப் பழக்கத்துக்குப் பிறகும் ஹேண்டில்பார் என் பேச்சைக் கேட்காது. கடைக்கு வரும் பெண்கள், "இன்னுமா சைக்கிளு? ஒரு ஸ்கூட்டி வாங்கக் கூடாதா?" என்பார்கள். நான் ஸ்கூட்டி வாங்கினால் லாரி சிறுத்துவிடும் என்று நினைப்பு.

பயம் எனக்கு மட்டும் இருந்தவரை அதோடு எப்படியோ குடித்தனம் நடத்திவிட்டேன். போன வருஷம் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். காலாண்டு லீவு முடிந்ததும் காலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்கள். அந்த நேரத்துக்கு எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. "நான் சைக்கிள்லயே போயிடுவேம்மா" என்று அவள் துள்ளிக்கொண்டு சொன்னாள்.

அதுவும் எந்த நேரத்தில்? குறுவை அறுப்பு நேரத்தில். எங்கள் பக்கத்தில் அறுப்பும் மழையும் ஒன்றாகத்தான் வரும். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். காயவைக்க ஊருக்கு ஒரு களம். அது எத்தனை பேருக்குப் போதும்? ஆகவே தார் ரோட்டில் கொட்டுகிறோம். நானும் அதே ஜாதிதான், ஊரை மட்டும் குறை சொல்லி என்ன? ரோட்டின் இடது பாதி முழுக்க மைல் கணக்கில் நெல். வண்டி ஏறிவிடக் கூடாது என்று ஓரம் நெடுகக் கருங்கல், செங்கல், முள்கிளை. மிச்சமிருக்கிற பாதியில்தான் பஸ், டிராக்டர், அறுவடை மெஷின், மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும். கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு லாரிகள் அதிகமாக ஓடுவதும் அந்த மாதத்தில்தான்.

சைக்கிளில் போகிற நாங்கள் யாரும் அந்த நெல்லின் மேல் ஏற மாட்டோம். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. நெல்லைக் கடந்துதான் வீட்டுக்குள் போக வேண்டும் என்றால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வோம். தள்ளாடி வருகிற குடிகாரன்கூட நெல்லைப் பார்த்ததும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போவான். என் மகள் நடை பழகிய காலத்தில் அவளிடம் நான் அதிகம் கத்திய வார்த்தை, "நெல்லுல ஏறாத" என்பதாகத்தான் இருக்கும்.

முதல் நாள் அவளைத் தனியாக விட மனம் வரவில்லை. அவள் முன்னால், நான் பின்னால். புதுச் சைக்கிள், சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. "வளையாத, நேரா போ" என்று பின்னாலிருந்து ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். "அம்மா, நீ பேசாம வா, எனக்கு அதுலதான் தடுமாறுது" என்றாள்.

ஊர் எல்லை தாண்டி வாய்க்கால் ஓரமாகப் போகும் இடத்தில் ஹாரன் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மூட்டை ஏற்றிய லாரி. தார்ப்பாய் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டிருந்தது. நான் சட்டென்று வலது பக்கம் வாய்க்கால் கரைப் புல்லில் இறங்கிவிட்டேன். அது என் பழைய தந்திரம். என் சேலை முள்ளில் கிழிந்ததெல்லாம் அப்படித்தான். மகளுக்கு அது தெரியாது. அவள் இடது பக்கமே, கற்களை ஒட்டிக்கொண்டு, எனக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தாள். லாரி என்னைக் கடந்தது. மூட்டைகளின் புழுங்கிய வாசனை முகத்தில் அடித்தது.

அப்போது எதிரே ஒரு பைக் வந்தது. அதற்கு வழி விடுவதற்காக லாரி இடது பக்கம் ஒதுங்கியது. மகளின் முன்சக்கரம் நெல் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். அவள் செய்தது சரி. அவள் செய்திருக்க வேண்டியது அது ஒன்றுதான். அதைப் பார்த்து, பெற்றவள் நான், தொண்டை கிழியக் கத்தினேன்:

"நெல்லுல ஏறாதடி!"

நினைத்துச் சொல்லவில்லை. என் வாய் சொன்னது. அடுத்த நொடி லாரி அவளை மறைத்துவிட்டது. கல் நொறுங்கும் சத்தம், பிறகு பிரேக் அலறும் சத்தம், லாரி நின்றது. அதன் பின்புறம் மட்டும் எனக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றது. மகளைக் காணவில்லை.

சைக்கிளை எங்கே போட்டேன் என்று தெரியாது. ஓடினேன். டிரைவர் கதவைத் திறந்து குதித்தார். என்னைவிடச் சின்ன வயது, லுங்கி, கழுத்தில் துண்டு. அவரும் ஓடி வந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டு லாரிக்கு அடியில் பார்த்தோம். பின் டயரை ஒட்டி ஒரு செருப்பு நசுங்கிக் கிடந்தது. தீபாவளிக்கு வாங்கியது, முன்கூட்டியே போட்டுக்கொள்வேன் என்று அடம் பிடித்துப் போட்டுக்கொண்டது. டிரைவர் "ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகுதான், டயர்களுக்கு அப்பால், மறுபக்கத்து நெல்லின் மேல் இரண்டு வெறுங்கால்கள் நிற்பதைப் பார்த்தேன். கொலுசு போட்ட கால்கள்.

லாரியைச் சுற்றிக்கொண்டு ஓடி அவளைக் கட்டிப்பிடித்தேன். சைக்கிள் நெல்லில் சாய்ந்து கிடந்தது. அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. டிரைவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். மூடி விரலுக்குள் நிற்கவில்லை, உருண்டு போய்விட்டது.

"பாப்பா இருந்துச்சு, திடீர்னு காணும்க்கா" என்றார். "அவ்ளோ ஒயரத்துல உக்காந்திருக்கேன், எடப்பக்கம் டயர் கிட்ட இருந்தா ஒண்ணுமே தெரியாது. ஏத்திட்டேன்னே நெனச்சேன். ஜெயிலுக்குப் போறதப் பத்திகூட நெனப்பு வரலக்கா. பாப்பா மூஞ்சிதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு."

அவரைத் திட்ட வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக எத்தனையோ வசவு சேர்த்து வைத்திருந்தேன், லாரி ஓட்டும் அத்தனை பேருக்கும் சேர்த்து. அதற்குப் பதில், உருண்டு போன மூடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இந்த ரோட்டில் நான்தான் பயந்து சாகிறேன் என்று நினைத்திருந்தேன். என்னைவிடப் பெரிய பயத்தோடு ஒருவர் அந்த உயரத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

அதற்குள் நெல்லுக்குச் சொந்தக்காரப் பெண் கையை வீசிக்கொண்டு வந்தாள். "யாரு அது, நெல்லு மேல சைக்கிளப் போட்டது?" என்று தூரத்திலிருந்தே சத்தம். கிட்டே வந்து லாரியைப் பார்த்தாள், டயரடியில் கிடந்த செருப்பைப் பார்த்தாள், மகளின் வெறுங்காலைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"செருப்பக் கழட்டிட்டா ஏறுன?" என்றாள்.

மகள் தலையாட்டினாள். "அம்மா கத்துனது கேட்டுச்சு. லாரி பக்கத்துல வந்துடுச்சு, ஏறாம இருக்க முடியல. அதான் செருப்ப மட்டும் உதறிட்டு ஏறுனேன்."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "நல்லா வளத்திருக்கீங்க" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். லாரி இடுப்புக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருக்கும்போது என் மகள் நின்று, ஒரு செருப்பை உதறி, மறு செருப்பையும் உதறியிருக்கிறாள். ஒரு செருப்பு கொஞ்சம் இறுக்கமாக இருந்திருந்தால்?

அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை, நான் கடைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது. அதற்கு மறுநாளும் இருக்கிறது. நான் தினமும் பின்னால் போக முடியாது. போய்த்தான் என்ன கிழித்தேன்? "லாரி வந்தா யோசிக்காம நெல்லு மேல ஏறிடு" என்று சொன்னேன். "சரிம்மா" என்றாள். அந்தச் சரியை நான் நம்பவில்லை. எனக்கே உடம்பில் ஊறிப்போனதை அவள் ஒரு வார்த்தையில் விட்டுவிடுவாளா?

சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னால் ரோட்டில் எங்கள் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஏக்கர்கூடத் தேறாத இரண்டு மா நிலத்து நெல், அந்தப் போகத்துக்கு எங்களுக்கு இருந்தது அவ்வளவுதான். கணவர் வெறுங்காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். மகளைக் கூப்பிட்டேன்.

"சைக்கிள எடு. என் செருப்பப் போட்டுக்க. நெல்லு மேல ஓட்டு."

அவள் என்னைப் பார்த்த பார்வை, நான் கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல இருந்தது. கணவர் நிமிர்ந்து, "ஒனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? சாப்பிடற பொருளுடி" என்றார்.

"புத்தி காலையிலதான் கெட்டுப் போயிருந்துச்சு. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, தள்ளி நின்றார்.

மகள் ஏறினாள். கல்லைத் தாண்டியதும் சக்கரம் நெல்லில் புதைந்து சறுக்கியது. செருப்புக் காலை ஊன்றினாள். ஊன்றியதும் அழ ஆரம்பித்துவிட்டாள். "இன்னொரு தடவ" என்றேன். திரும்பி வந்து மறுபடி ஏறினாள். எதிர்வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்று பார்த்தாள். "இன்னொரு தடவ. நெல்லப் பாக்காத, செருப்பப் பாக்காத, ஏறு." நெல் இரண்டு பக்கமும் சிதறியது. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்தாறு தடவைக்குப் பிறகு அவள் அழுகை நின்றது. சைக்கிளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீயும்தானம்மா தெனம் அந்த ரோட்டுல போற" என்றாள். "நீ ஏறு."

செருப்பை என்னிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள். போட்டுக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்தேன். இரண்டு மிதி மிதித்தேன். கல் வந்தது, அதற்கப்பால் எங்கள் நெல். என்னைக் கேட்காமலே என் வலது கால் பெடலிலிருந்து இறங்கி, செருப்பை உதறப் போனது.

"அம்மா!" என்று மகள் கத்தினாள். காலையில் நான் கத்திய அதே பயத்தோடு கத்தினாள். "லாரி வருது!"

செருப்போடு ஏறினேன்.