வெளுக்கும் விரல்களுக்கு ஒரு கஷாயம்

என் மனைவியின் விரல்கள் வெளுப்பதை நான் முதன்முதலில் பார்த்தது சான் ஹோசேயில் ஓர் இந்திய மளிகைக் கடையில். நவம்பர் மாதம், சனிக்கிழமை பகல். உறைபெட்டிக்குள் கையை விட்டு, துருவிய தேங்காய்ப் பொட்டலங்களில் தேதி பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வெளியே எடுத்தபோது வலது கையின் மூன்று விரல்கள் நடுக்கணுவுக்கு மேலே மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன. வெளுப்பு தொடங்கும் இடம் பேனாவால் கோடு போட்டது போலத் தெளிவாகத் தெரிந்தது.

"என்ன இது?"

"ஒண்ணுமில்ல, இப்ப சரியாயிடும்."

"எத்தனை நாளா இருக்கு?"

"போன வின்டர்லேர்ந்து. இங்க வெச்சு இன்டர்வியூ பண்ணாதீங்க, பில் போடணும்."

காரில் ஏறும்போது விரல்கள் நீலமாயிருந்தன. வீட்டு வாசலில் சிவந்து, எரிய ஆரம்பித்தன. நான் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். பார்த்ததை நேரத்தோடு குறித்து வைப்பது அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம். அன்று குறித்தது: வெளுத்ததிலிருந்து முழுதாகச் சிவக்க இருபத்தாறு நிமிடம்.

அவள் வேலை செய்வது ஒரு டேட்டா சென்டரில். பெரிய கூடம், வரிசை வரிசையாக ஆள் உயர இரும்பு ரேக்குகள், அவற்றில் கணினிகள். ஒரு சந்தில் குளிர்ந்த காற்றை ஊதுவார்கள். கணினிகள் அதை முன்பக்கமாக இழுத்து, பின்பக்கச் சந்தில் சூடாக வெளியே தள்ளும். முன்னது கோல்ட் ஐல், பின்னது ஹாட் ஐல். அவளுடைய பெரும்பாலான வேலை கோல்ட் ஐலில். ஃபைபர் கேபிள்களைச் சொருகுவது, கழற்றுவது, மாற்றுவது. கேபிளின் முனை சரியாக உட்கார்ந்தால் சின்னதாக ஒரு 'க்ளிக்' வரும். மின்விசிறி இரைச்சலில் அது காதில் விழாது, விரல் நுனியில்தான் தெரியும். வெளுத்த விரலில் தெரியாது. கனமான கையுறை போட்டாலும் தெரியாது.

மார்ச்சில் புதிய கூடம் ஒன்று திறப்பதாக இருந்தார்கள். அதில் ஒரு முழு வரிசைக்கு அவளைப் பொறுப்பாகப் போடுவதாகப் பேச்சு. அதற்கு முன் ஒரு சோதனை உண்டு. மேலாளர் பக்கத்தில் நிற்க, ஒரு ரேக்கை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தனியாக இணைத்துக் காட்ட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால் வரிசை அவளுக்கு. இல்லையென்றால் மாடியில் புகார்களைத் திரையில் பார்த்துப் பிரித்து அனுப்பும் மேசை. அந்த மேசையில் ஏற்கெனவே நான்கு வருடம் உட்கார்ந்துவிட்டுத்தான் கீழே இறங்கியிருந்தாள். விரல் விஷயத்தை வேலையிடத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

குடும்ப மருத்துவர் ரத்தப் பரிசோதனைகள் எழுதிக்கொடுத்தார். எல்லாம் சரியாக வந்தன. குளிர் பட்டால் விரல்களின் ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்குகின்றன, பயப்படும்படியான வகை இல்லை என்றார். குழாயைத் தளர்த்த, ரத்த அழுத்தத்துக்குத் தரும் மாத்திரையில் சிறிய அளவு ஒன்றைக் கொடுத்தார். அவளுக்கு இயல்பிலேயே அழுத்தம் குறைவு. மூன்றாம் நாள் ரேக்கைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

சீன மருத்துவரிடம் போனது அதற்குப் பிறகு. முன்பு கூட வேலை செய்த பெண் ஒருத்தி சொன்ன இடம். ஒரு பபிள் டீ கடைக்கும் வருமான வரி நிரப்பித் தரும் அலுவலகத்துக்கும் நடுவில் இருந்தது. மருத்துவர் ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பு சிப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தவராம். நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நெடுநேரம் நாடி பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், உன் உடம்பில் குளிர் உட்கார்ந்திருக்கிறது என்றார்.

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் சூட்டு உடம்புக்காரி. ஈரோட்டில் அவள் வீட்டில் அது எல்லோரும் அறிந்த தகவல். வாய்ப்புண், கண்ணெரிச்சல், மே மாதத்தில் கொப்புளம். வெந்தயமும் மோரும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுமாக வளர்ந்தவள். இதை 'ஹீட் பாடி' என்று மொழிபெயர்த்து மருத்துவரிடம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை, எழுதிக்கொண்டார். மேலே சூடு இருக்கலாம், ஆனால் ரத்தம் குறைந்து, வெதுவெதுப்பு கை கால் வரை போய்ச் சேரவில்லை, நாடி நூல் போல ஓடுகிறது என்றார். திரும்பி வரும்போது காரில் சொன்னாள், "முப்பத்தாறு வருஷமா ஒரு கேஸ் நடந்து, இன்னிக்கு வேற கோர்ட்ல தீர்ப்பு மாறியிருக்கு."

மருந்தின் பெயர் தாங் குவேய் சு நி தாங். கடைசிச் சொல்லுக்குக் கஷாயம் என்று பொருள். கையும் காலும் சில்லிட்டுப்போனவர்களுக்குப் பழங்காலத்திலிருந்து கொடுத்துவருவது. பனியில் விரல் வீங்குவதற்கும், குளிரினால் வருவதாகச் சொல்லப்படும் மாதவிடாய் வலிக்கும்கூடக் கொடுப்பார்களாம். காகிதப் பையைச் சமையல் மேடையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தாங் குவேய் என்பது ஒரு வேர், குறுக்கே சீவியது, செலரி வாசனை. பட்டை மரத்தின் இளங்கிளை. வெள்ளையாகச் சீவிய, பியோனி என்ற பூச்செடியின் வேர். தேனில் வறுத்த அதிமதுரம். எங்கள் இலந்தையைவிட மூன்று மடங்கு பெரிய உலர்ந்த இலந்தை. நெட்டி போல எடையில்லாத வெள்ளைத் தண்டு ஒன்று.

மூலப் பட்டியலில் ஏழு பொருள் என்று படித்திருந்தேன். பையில் ஆறுதான் இருந்தன. விடுபட்டதைப் பற்றித் தேடினேன். அந்த மூலிகையின் உறவுகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் இருப்பது தெரிந்தது. பட்டியலில் உள்ள தண்டுக்குப் பதிலாக விடுபட்ட மூலிகையின் குடும்பத்துச் செடி ஒன்றைத் தவறாகச் சேர்த்து ஆட்கள் பாதிக்கப்பட்ட கதைகளும் இருந்தன. மறுநாள் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டேன். அதனால்தான் அந்த ஏழாவதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை, அதற்குப் பதில் வீட்டில் மூன்று துண்டு பச்சை இஞ்சி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தேனே, தண்டு எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சான்றிதழ் வைத்திருக்கிறேன், வந்து பார்க்கலாம் என்றார். போய்ப் பார்த்தேன். குடும்ப மருத்துவருக்கும் பட்டியலை அனுப்பினோம். அதிமதுரம் இருப்பதால் கால் வீக்கத்தையும் அழுத்தத்தையும் கவனியுங்கள், பழைய மாத்திரையோடு சேர்க்காதீர்கள், இதனால் பலன் உண்டென்று என்னால் சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

அரை மணி ஊறவைத்து, நாற்பது நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாம் தடவை. இரண்டையும் கலந்து காலை பாதி, மாலை பாதி. இரும்பு, அலுமினியம் கூடாது. இதற்கென்று ஒரு பீங்கான் பானை வாங்கினாள். இனிப்பும் கசப்பும் மரத்தூள் வாசனையும் கலந்த ஒன்று வீடு முழுவதும் பரவி, மாடிப்படி வரை போனது.

மேல் வீட்டு ஆன்ட்டி இறங்கி வந்தார். திருநெல்வேலிக்காரர், மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருந்தவர்.

"ஏம்மா, வீட்டுக்குள்ள விறகுக்கடை வச்சிருக்கியா?"

"கைக்கு மருந்து ஆன்ட்டி. சைனீஸ் கஷாயம்."

பானைக்குள் கரண்டியை விட்டுப் பார்த்தார். "பட்டை, இஞ்சி, அதிமதுரம். அடேயப்பா, இத ரெண்டு வேளையா? வயிறு வெந்துரும்லா. இதுல சைனா எங்க இருக்கு? நம்ம கடைச் சாமான்தான், டாலர்ல வாங்கியிருக்க."

"அவங்க நாடி பாத்துக் குடுத்தாங்க."

"பாக்கட்டும். நீ குடிக்கதக் குடி. மத்தியானம் ஒரு செம்பு மோர் ஊத்திக்கோ, காலையில வெந்தயம் ஊறப்போட்டு முழுங்கு. ஒண்ணும் பண்ணாது."

இந்த ஆலோசனைக்குத் தேவையே இருக்கவில்லை. அவள் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஆன்ட்டி சொன்னதும் மோர் ஒரு டம்ளரிலிருந்து இரண்டாயிற்று. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலோடு செவ்வாய்க்கிழமையும் ஒன்று சேர்ந்தது. இளநீர் பெட்டியாக வந்தது. எனக்கும் இதில் எதுவும் தவறாகப் படவில்லை. சூடான ஒன்றைச் சாப்பிட்டால் குளிர்ச்சியான ஒன்றால் சமன் செய்வது எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் யோசிக்காமல் நடக்கும் காரியம்.

மூன்று வாரம் கழிந்தது. என் குறிப்பில் இருபத்தைந்து, இருபத்தேழு, இருபத்தாறு நிமிடம் என்றே இருந்தது.

மருத்துவரிடம் மறுபடி போனபோது, என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். என்னிடம் எழுதியிருந்தது. படித்தேன். வெந்தயம் என்றதும் அது என்ன என்றார். சூட்டைத் தணிக்கும் என்றேன். மோரையும் இளநீரையும் எண்ணெய்க் குளியலையும் என்னவென்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் அதே பதிலைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபமா சிரிப்பா என்று உடனே தெரியவில்லை.

நான் கொடுத்த மருந்து காலையில் உள்ளே போகிறது, மத்தியானம் நீயே அதை அணைத்துவிடுகிறாய், என்றார்.

என் மனைவி வெளியே வந்து பபிள் டீ கடை வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: "ரெண்டு ஐலுக்கும் நடுவுல கதவு போடாம விட்டுட்டேன். வேலைல யாராவது இப்படிப் பண்ணா நான்தான் முதல்ல திட்டுவேன்."

அவர்கள் கூடத்தில் குளிர்காற்றும் சூட்டுக்காற்றும் கலந்துவிடாமல் இருக்கப் பிளாஸ்டிக் திரையும் கதவும் போட்டிருப்பார்கள். எனக்கு அந்த ஒப்பீடு முழுதாகப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஆனால் சீன மருத்துவர் சொன்னதைவிட அதுவே அவளை மாற்றியது. அன்று மாலையே வெந்தயக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். ஆன்ட்டியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மோர நிறுத்திட்டாளா? அந்தச் சீனாக்காரி சொன்னான்னு?"

"ரெண்டு மாசத்துக்குத்தான் ஆன்ட்டி."

"வாய்ப்புண் வந்தா எங்கிட்ட வரக் கூடாதுன்னு சொல்லு. வந்தா சொல்லு, மணத்தக்காளி வச்சிருக்கேன்."

வாய்ப்புண் வந்தது. ஒன்று, பிப்ரவரி முதல் வாரம். மருத்துவர் இஞ்சியை ஒரு துண்டாகக் குறைத்தார். அந்த மாதத்தில் என் குறிப்பு இருபத்திரண்டு ஆயிற்று, பதினெட்டு ஆயிற்று, ஒரு நாள் பதினொன்று. அதே மாதத்தில் அவள் உள்பனியன் இரண்டு போட ஆரம்பித்திருந்தாள். காபியை விட்டிருந்தாள். காலையில் காரின் ஸ்டியரிங் சூடாகும் வசதியைக் கண்டுபிடித்திருந்தாள். வெளியே குளிரும் குறைந்துகொண்டிருந்தது. எது எதனால் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. செய்தியாக எழுதச் சொன்னால் தலைப்பு வைத்திருக்க மாட்டேன்.

சோதனைக்கு முந்தைய நாள் மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமே என்றேன்.

"சொன்னா பரிதாபப்பட்டு மாடிக்கு அனுப்புவார். நல்ல மனுஷன், அதான் பிரச்சினை."

"நடுவுல வெளுத்தா?"

"வெளுக்கட்டும். அப்ப பாத்துக்கலாம்."

மறுநாள் முற்பகல் நான் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். பதினொன்றரைக்குக் கார் நிறுத்துமிடத்திலிருந்து அழைத்தாள். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது.

"முடிச்சிட்டேன்."

"கை?"

"ஒரு மணி நேரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. எல்லா க்ளிக்கும் தெரிஞ்சது. கடைசில ரெண்டு கேபிள் பாக்கி, அப்ப மோதிர விரலும் நடுவிரலும் போயிடுச்சு."

"என்ன பண்ணினே?"

"சொருகினேன். ஆனா உக்காந்துச்சா இல்லையான்னு தெரியல. அஞ்சு செகண்ட் நின்னேன். அப்புறம் அவர்கிட்ட கையக் காட்டினேன். எனக்கு இந்த ரெண்டும் ஃபீல் ஆகல, நீங்க செக் பண்ணுங்கன்னேன்."

"அவர்?"

"கையப் பாத்துட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். என்னைய இல்ல. அப்புறம் ரெண்டையும் அழுத்திப் பாத்தார். ஒண்ணு சரி. ஒண்ணு பாதில நின்னிருந்துச்சு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகையா குளிரா என்று தொலைபேசியில் தெரியவில்லை.

"கையெழுத்து?"

"போட்டார். கீழ ஒரு வரி எழுதினார். நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல ஒரே மூச்சா உள்ள நிக்கக் கூடாது, சொருகினத ரெண்டு பேர் பாக்கணும்னு. ரெண்டு பேர் பாக்கறது இனிமே எல்லாருக்கும்தானாம், எனக்கு மட்டும் இல்ல."

"உனக்கு ஓகேவா?"

"வரிசை எனக்குத்தானே? அப்ப ஓகே. வைக்கறேன், உள்ள கூப்பிடறாங்க."

புதிய கூடம் மார்ச் கடைசியில் திறந்தது. ஏப்ரலில் மருத்துவர் கஷாயத்தை நிறுத்தச் சொன்னார். வெயில் காலத்தில் வேண்டாம், குளிர் தொடங்கும்போது வந்து நாடி காட்டு என்றார். என் மனைவி முக்கால் மணிக்கு ஒரு முறை கூடத்திலிருந்து வெளியே வந்து, ஏழெட்டு நிமிடம் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டு மறுபடி உள்ளே போகிறாள். அந்த நேரத்தில் அவள் சொருகியதை இன்னொருவர் அழுத்திப் பார்க்கிறார்.