எதிர்வீட்டிலிருந்து வரவேண்டிய பானை

என் குசினியில் அலுமாரிக்கு மேலே ஒரு வட்டத் தடம் இருக்கிறது. சுற்றிவர எண்ணெய்ப் புகையும் தூசியும் படிந்து பழுப்பாகிப் போயிருக்க, அந்த வட்டம் மட்டும் வெள்ளையாய்க் கிடக்கிறது. அங்கேதான் சிஞ்ஞோராவின் பானை இருந்தது. இரண்டு காது வைத்த, அடி நசுங்கிய, பெரிய அலுமினியப் பானை. மூடியின் பிடி எந்தக் காலத்திலோ உடைந்து, அந்த இடத்தில் ஒரு மரத்துண்டை ஆணி வைத்து இறுக்கியிருந்தார்கள். பலெர்மோவின் பல்லரோச் சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் தனியே இருக்கிற ஒருத்திக்கு அவ்வளவு பெரிய பானை எதற்கு என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நான் பதில் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

சிஞ்ஞோரா என்று நான் சொல்வது பலெர்மோவில் நான் கடைசியாக வேலை செய்த வீட்டம்மாவை. பொலிதேயாமாப் பக்கத்தில் அவவுக்கு நல்ல வீடு இருந்தது. தளபாடமெல்லாம் துணி போட்டு மூடின வீடு. அந்த வீட்டில் அவ ஒருநாளும் சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவில்லை. புருஷன் செத்த அடுத்த மாதமே துணிகளை மடித்து வைத்துவிட்டு, தான் பிறந்த மலைக்குப் போகப் போகிறேன் என்றா. மகன் மிலானில் இருந்தார். அவர் கத்தினார். அவ கேட்கவில்லை. "பிள்ளை, நீயும் வாறியோ?" என்று என்னைத்தான் கேட்டா. அவ பேசினது மலைப் பேச்சு. அதை என் காதில் விழுந்த மாதிரி எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன், வேறு விதமாய் எனக்கு எழுத வராது. "ஓம், வாறன்" என்றேன். இலண்டனிலிருந்து என் மகள் தொலைபேசியில் ஏசினாள். "உங்களுக்கு விசரே அம்மா? சனமில்லாத காட்டிலை போயிருந்து என்னத்தைக் காணப் போறியள்?" அவள் சொன்னதில் பிழையில்லை. அங்கே காண ஒன்றும் இருக்கவில்லைத்தான்.

மதோனியே மலைகள் பலெர்மோவிலிருந்து அவ்வளவு தூரமில்லை. ஆனால் கடற்கரைத் தெருவை விட்டு உள்ளே திரும்பினால் வேறு ஒரு நாட்டுக்குப் போகிற மாதிரி. தெரு வளைந்து வளைந்து ஏறும். சில இடங்களில் மண் சரிந்து பாதித் தெருவைக் கொண்டுபோயிருக்கும். அதைத் திருத்த ஒருவரும் வராமல், சிவப்பு வெள்ளைக் கட்டைகளை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்தக் கட்டைகளும் வெயிலில் வெளிறிப் போயிருக்கும். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஆடுகளும் கல்லும் காற்றும்தான். ஊர் என்று சொல்வதும் என்ன, மலை முதுகில் ஒட்டி வைத்த கல்வீடுகள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. சுவரில் பிள்ளைகள் கீறின மீன் படம் மட்டும் அழியாமல் இருந்தது. பாதிரியார் ஞாயிறு தோறும் வேறு ஊரிலிருந்து வருவார், பனி விழுந்தால் வரமாட்டார். வைத்தியரும் அப்படித்தான். ஆகஸ்ட் மாதத்தில் ஜெர்மனியிலிருந்தும் வடக்கிலிருந்தும் காரில் வந்து இறங்குவார்கள். ஊர் கொஞ்ச நாள் ஊர் மாதிரி இருக்கும். பிறகு ஒவ்வொரு கதவாய்ப் பூட்டுகிற சத்தம் கேட்கும்.

அந்தக் கதவுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கதவில் கறுப்புக்கரை போட்ட ஒரு காகிதப் பட்டையை ஒட்டுவார்கள். 'என் கணவருக்காக', 'என் தாய்க்காக' என்று அதில் எழுதியிருக்கும். அதைக் கிழிக்கக்கூடாது. வெயிலும் மழையும்தான் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும். எங்கள் தெருவில் பட்டை ஒட்டாத கதவை நான் காணவில்லை. சில கதவுகளில் எழுத்து அழிந்து, கறுப்புச் சாம்பலாகி, பசை மட்டும் மிச்சம் இருந்தது. அந்த வீட்டில் யாருக்காக யார் அழுதார்கள் என்று சொல்லவும் ஆள் இருக்கவில்லை.

ஆகஸ்டில் வந்து போகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போக, பூட்டின வீடுகளின் திறப்புகள் எல்லாம் சிஞ்ஞோராவிடம் சேர்ந்திருந்தன. குசினிச் சுவரில் ஒரு பலகை, அதில் ஆணிகள், ஆணிகளில் திறப்புகள். சனிக்கிழமைகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்குவா. ஒவ்வொரு வீடாய்த் திறந்து சன்னல்களைத் தள்ளி வைப்போம். குளிர்காலத்தில் அடுப்பங்கரையில் கொஞ்சம் விறகைப் போட்டு எரிப்போம். யாரோ ஒருவரின் கட்டிலும் யாரோ ஒருவரின் கல்யாணப் படமும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். "வராத ஆக்களுக்கு எதுக்குச் சிஞ்ஞோரா நெருப்பு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "அவையளுக்கு இல்லையடி. புகைக்கூடு அடைச்சுப் போகும், பிறகு வீடு குளிரிலை செத்துப் போகும்" என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. சண்டைக்குள் நாங்கள் எங்கள் ஊர்த் தீவை விட்டு வெளிக்கிட்ட அன்று வாசலில் நின்று திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன், யாரிடம் கொடுப்பது என்று. அயலட்டை முழுவதும் எங்களோடு அதே வள்ளத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் திறப்பைக் கடைசியில் கடலில்தான் போட்டேன்.

பானையைப் பற்றி அந்த மலை வீட்டில்தான் எனக்குத் தெரியவந்தது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது எங்களுக்கும் உண்டு, அவர்களுக்கும் உண்டு. அயலவர்கள் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். அதை மலையில் கூன்சுலு என்பார்கள். கொண்டுபோகிறவர் ஒன்றும் கதைக்கமாட்டார். வாங்குகிறவர் நன்றி சொல்லக்கூடாது. வெறும் பானையைச் செத்த வீட்டுக்காரர் தங்கள் கையாலேயே திருப்பிக் கொண்டுவந்து தரவேண்டும். பலெர்மோவுக்குப் போகமுந்தியும் திரும்பி வந்த பிறகும் அந்தத் தெருவில் அத்தனை வீட்டுக்கும் சிஞ்ஞோரா அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறா. ஒவ்வொரு கதவையும் காட்டிச் சொல்லுவா, இந்த வீட்டுக்குக் கோழிச்சாறு, அந்த வீட்டுக்கு அவரை, அங்கே குழந்தை செத்தது, ஒருவரும் சாப்பிடவில்லை. ஒரு நாள் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தவ திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டா:

"எனக்கு ஆரடி கொண்டு வரப்போயினம்?"

"நான் கொண்டு வாறன் சிஞ்ஞோரா."

"நீ எப்பிடிக் கொண்டு வருவாய்? நீ இந்த வீட்டுக்குள்ளை படுக்கிறனி. வீட்டுக்குள்ளை இருக்கிறவள் கொண்டு வரேலாது. தெருவைக் கடந்து வரவேணும்."

அதற்குப் பிறகு அவ அந்தக் கதையை எடுக்கவில்லை. ஆனால் பின்னேரங்களில் சன்னலடியில் இருந்து தெருவைப் பார்ப்பா. எந்த வீட்டில் புகை வருகிறது என்று பார்க்கிறா என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் புகையை விட்டால், மேலே தனியாக இருந்த ஆட்டுக்காரக் கிழவரின் புகையும், கோயிலடியில் இருந்த இரண்டு கைம்பெண் சகோதரிகளின் புகையும்தான்.

மாசி மாதப் பனியில் சிஞ்ஞோரா போய்ச் சேர்ந்தா. காலையில் பால் கொண்டு போனேன், கை குளிர்ந்திருந்தது. முதலில் செய்த வேலை அடுப்பில் தண்ணீர் ஊற்றினதுதான். பிறகு சந்தியில் இருக்கிற கோப்பிக்கடையிலிருந்து மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் விமானத்தில் வந்து இறங்கி, மத்தியானம் கழிந்து வந்து சேர்ந்தார். பாதையெல்லாம் பனியில் வழுக்கி, முகம் வெளிறி, நடுங்கிக்கொண்டு வந்தார். தாயைக் கும்பிட்டு அழுதார். பிறகு குசினிக்குள் வந்து கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு கோப்பி போட்டுத் தாங்கோ."

"இண்டைக்கு இந்த வீட்டிலை நெருப்பு மூட்டேலாது ஐயா."

அவர் அணைந்த அடுப்பைப் பார்த்தார். "அது அந்தக் காலம். இப்ப இஞ்சை ஆர் இருக்கினம் கொண்டு வர? நான் கீழை பட்டணத்திலை இருந்து பிட்சா எடுப்பிக்கிறன்" என்று சொல்லித் தொலைபேசியை எடுத்தார். அவரில் குற்றமில்லை. சேதி கேட்ட உடனே வெளிக்கிட்டவர், பசி. ஆனால் முன்னறையில் சிஞ்ஞோரா கையில் செபமாலையோடு கிடக்கிறா, தலைமாட்டில் காகிதப் பெட்டியில் பிட்சா வரப்போகிறது. தெருவில் ஒரு காலடிச் சத்தமும் இல்லை. நான் பானையைத் தூக்கினேன், பலகையிலிருந்து எதிர்வீட்டுத் திறப்பை எடுத்தேன், வெளியே இறங்கினேன். "எங்கை போறியள்?" என்று அவர் கேட்டது கேட்டது. நான் திரும்பவில்லை.

முதலில் அந்தக் கோப்பிக்கடைக்குப் போனேன். அங்கே மளிகைச் சாமானும் விற்பார்கள். பருப்பும் வெங்காயமும் கரட்டும் சின்னப் பாஸ்தாவும் என் காசில் வாங்கினேன். செத்த வீட்டுச் சாமானில் சமைக்கக்கூடாது. பிறகு எதிர்வீட்டைத் திறந்தேன். அது ஜெர்மனிக்குப் போன குடும்பத்தின் வீடு. போன சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் எரித்த விறகின் சாம்பல் அப்படியே இருந்தது. அதன் மேலேயே விறகு அடுக்கி மூட்டினேன். பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது கதவை யாரோ தடியால் தட்டினார்கள்.

"ஆரது உள்ளுக்கை? கள்ளரோ?"

ஆட்டுக்காரக் கிழவர். பூட்டின வீட்டில் புகை வருகிறதைக் கண்டு இறங்கி வந்திருக்கிறார். கையில் பொல்லு, காலில் பனி.

"கள்ளர் பருப்பு அவிக்கிறேல்லை. சிஞ்ஞோரா செத்துப் போனா" என்றேன்.

அவர் பானையைப் பார்த்தார். அதன் மூடியில் இருந்த மரத்துண்டைப் பார்த்தார். அதை வைத்து இறுக்கினது தான்தான் என்பது போல விரலால் தொட்டார். "எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே" என்றார். "கோயில் மணி அடிக்கேல்லையே, பாதிரியார் இல்லையே, எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" பிறகு மேலே ஏறிப் போய்விட்டார்.

என் பையில் எப்போதும் ஒரு காகிதச் சரை மிளகு இருக்கும். அதைத் தட்டிப் போட்டேன். இறக்கி, துவாயால் சுற்றி, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். அது ஒரு ஒடுங்கிய தெரு. அன்றைக்குப் பனியில் அது முடியாத தெருவாய் இருந்தது. வேலைக்காரியாய்ப் பின்கதவால் புகுந்து பழகினவள், அன்று முன்வாசலில் நின்று கதவைத் தட்டினேன். மகன் திறந்தார். என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பானையைக் கண்டார், வாயை மூடிக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கினார். நன்றி சொல்லவில்லை. தாய் பழக்கின பழக்கம் எங்கேயோ உள்ளே இருந்திருக்கிறது.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆட்டுக்காரர் ஒரு கட்டிச் சீஸோடு வந்தார். அவருக்குப் பின்னால் சகோதரிகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, பாணும் அவித்த முட்டையுமாய் வந்தார்கள். மூத்தவ என் காதுக்குள் சொன்னா: "கடைக்காரன் காலமையே சொன்னவன். நீ உள்ளுக்கை இருக்கிறாய்தானே, நீ சமைப்பாய் எண்டு நினைச்சிட்டம்." கடைக்காரனை விட்டால் அந்த ஊர் முழுவதும் அவ்வளவுதான். ஒரு மேசையைச் சுற்றி இருக்கிற அளவு சனம்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் எதிர்வீட்டில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தேன். மகன் வந்து கதவைத் தட்டினார். தட்டத் தேவையில்லை, கதவு திறந்துதான் கிடந்தது. கழுவின பானை அவர் கையில் இருந்தது. "இது கொண்டு வந்த ஆளிட்டைப் போகவேணும்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே பலகையிலிருந்த திறப்புகள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் கோப்பிக்கடைக்காரரிடம் கொடுத்தார். அவர் அதைக் கோப்பி இயந்திரத்துக்குப் பின்னால் கொளுவினார். அதற்குப் பிறகு அந்தப் புகைக்கூடுகளில் நெருப்பு எரிந்திருக்காது. சிஞ்ஞோராவின் கதவிலும் பட்டை ஒட்டினோம். இப்போது அதில் எழுத்து அழிந்திருக்கும்.

பலெர்மோவுக்குத் திரும்பி வந்தபோது இந்த மாடிக்கட்டடத்தில் எங்கள் சனம் நிறைய இருந்தது. கறிவாசம் ஒரு மாடியிலிருந்து மற்ற மாடிக்கு ஏறும். பிறகு பிள்ளைகளுக்கு இத்தாலியன் பாஸ்போட் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொரு குடும்பமாய் இலண்டனுக்கு வெளிக்கிட்டார்கள். எனக்கு முன்வீட்டில் இருந்த மன்னார்க் குடும்பம்தான் கடைசி. போகும்போது அந்தப் பிள்ளை அழுதாள். "அன்ரி, நீங்களும் வாங்கோவன், இஞ்சை தனிய என்ன செய்யப் போறியள்?" என்றாள். என் மகளும் அதையேதான் சொல்கிறாள். நான் ஒருவரின் வீட்டு மூலையில் போய் இருக்க மாட்டேன். என் வீட்டில்தான் சாவேன். ஆனால் அன்றைக்கு அலுமாரியைப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. பானை என் வீட்டில் இருந்தால் அது எப்படி என் வீட்டுக்கு வரும்?

முன்வீட்டுக்கு இப்போது ஒரு வங்காளதேசப் பிள்ளை வந்திருக்கிறாள். புருஷன் சந்தையில் மரக்கறி விற்கிறான். போன கிழமை கதிரையில் ஏறிப் பானையை இறக்கிக் கழுவினேன். நடையைக் கடந்து போய் அவளின் கதவைத் தட்டி, அவள் கையில் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தாள். எதற்கு என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. என் இத்தாலியன் சந்தையில் விலை கேட்கவும் சிஞ்ஞோராமாருக்கு மருந்து கொடுக்கவும் போதும். இதைச் சொல்லப் போதாது. "உனக்குத்தான்" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கிராத்சியே, கிராத்சியே" என்றாள். அந்தப் பானைக்கு நன்றி சொல்லக்கூடாது என்று அவளுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

அவள் கதவைச் சாத்தினாள். நான் வந்துவிட்டேன். அலுமாரிக்கு மேலே அந்த வட்டத்தை நான் இன்னும் துடைக்கவில்லை.