வெள்ளைப் பூ வந்த நடைவண்டி

விளக்கெண்ணெய் போட்ட அச்சில் மூன்று மரச்சக்கரங்கள் "கொடக் கொடக்" என்று உருளும் அந்தச் சத்தம் எங்கள் வாசலில் பதினோரு நாள்தான் கேட்டது. பன்னிரண்டாம் நாள் ஊர்க்கூட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள்.

குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். என் தங்கை செல்வி மூன்று வயது நிறைந்தும் கால் ஊன்றவில்லை, தரையில் தேய்த்துக்கொண்டேதான் வருவாள். நடைவண்டி பிடித்துப் பழக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். அந்த நேரம் அய்யனார் கோயில்காட்டில் ஒரு வெப்பாலைக் கிளை காற்றுக்கு முறிந்து விழுந்தது. அந்தக் காட்டில் விழுந்த சுள்ளியைக்கூட யாரும் எடுக்கக்கூடாது, கிடந்த இடத்திலேயே மக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டு. சாமிக்குப் பயந்த அப்பா, பூசாரியை வைத்துப் "பூக் கேட்டார்". வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு. ஒன்பது வயதில், இந்தக் கையால்தான் எடுத்தேன். வெள்ளை.

அப்பா தச்சரில்லை, விவசாயி. உளியும் இழைப்புளியும் இரவல் வாங்கி, செல்வியின் நெஞ்சுக்கு உயரம் பார்த்து, சிலாம்பு குத்துமோ என்று கைப்பிடியைத் தன் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துச் செய்தார். பத்தாம் நாள் அவள் நான்கு எட்டு வைத்தாள்.

"என்னடா, சாமி மரத்துல வண்டி செஞ்சு அய்யனாரையே ஏத்திக்கிட்டுப் போவப்போறியா?" என்றார் ஊர்க் காரியக்காரர். கூட்டம் சிரித்தது.

"பூக் கேட்டுத்தாங்க எடுத்தேன். இந்தப் புள்ளதாங்க பொட்டலத்த எடுத்துச்சு."

"பொட்டப்புள்ள எடுத்த பூவுக்கு ஊரு கட்டுப்படாது."

பூக் கட்டிக்கொடுத்த பூசாரி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா தன் கையாலேயே வண்டியைக் கொண்டுபோய்க் காட்டில் போட்டார். வேறு மரத்தில் செய்திருக்கலாமே என்பீர்கள். ஊர் தடுத்தபின் இன்னொன்று செய்தால் சாமி குற்றமாகிவிடுமோ என்று அவருக்குக் கை வரவே இல்லை. அவர்மேலும் எனக்கு அந்தக் கோபம் உண்டு. வெள்ளிக்கிழமை விளக்குப் போடப் போகும்போதெல்லாம் அதில் கரையான் ஏறுவதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் செல்வி தரையில் தேய்த்துக்கொண்டு எதிரே வருவாள்.

இத்தனை வருடம் கழித்து, போன மாசியில் அந்தக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். முன்னால் நின்று நடத்தியவர் அதே காரியக்காரரின் மகன். காட்டை மொத்தமாக வெட்டி லாரியில் மரவாடிக்கு ஏற்றிவிட்டு, கார் நிறுத்தக் கல் பாவியிருக்கிறார்கள். "பூக் கேட்டீங்களா?" என்றேன். "அதெல்லாம் இப்ப யாரு பாக்குறா, அக்கா" என்று சிரித்தார். சுள்ளிக்குச் சாமி பார்த்தவர்கள், காட்டுக்குப் பார்க்கவில்லை.

செல்வி இப்போதும் முழங்காலைக் கையால் அழுத்தித்தான் நடக்கிறாள். "நம்ம வண்டி எங்கிட்டு கெடந்துச்சு, அக்கா?" என்று கேட்டாள். கார்கள் நின்ற இடத்தைக் காட்டினேன்.

அய்யனார்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் வெள்ளைதான் கொடுத்தார். பூசாரி நீட்டிய தட்டில் திருநீறு வாங்காமல், சாமி காலடியில் உதிர்ந்து கிடந்ததை இந்தக் கையாலேயே எடுத்து அவள் முழங்காலில் பூசிவிட்டேன்.