கரி பஸ் டிரைவரின் கைகள்

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்களைக் கரி எரித்து ஓட்டினார்கள். என் கொழுந்தியாள் கல்யாணத்துக்காகத் தூத்துக்குடியிலிருந்து நாங்கள் குடும்பத்தோடு ஏரலுக்குப் போன பஸ்ஸின் டிரைவர் நெட்டை மனிதர்; முழங்கை வரை கரி. குழந்தைகள் அருகில் வந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. அவர் இறங்கிப் பின்பக்கத்து அடுப்பைக் கிளறினார். முகூர்த்தம் தவறிவிடுமே என்று எனக்கு எரிச்சல். அந்த நேரம் பார்த்து என் ஆறு வயது மகள் கரிமூட்டையைத் தொட்டு, அந்தக் கையைப் பட்டுப்பாவாடையில் துடைத்தாள். ஓங்கி அறைந்தேன்.

"அடிக்காதிய அண்ணாச்சி," என்றார் டிரைவர். "நானும் எம் மவன அடிச்சுத்தான் வளத்தேன். சொல்லாமப் பட்டாளத்துக்குப் போயிட்டான். ரெண்டு வருசமாச்சு, ஒரு கடுதாசி இல்ல."

"எழுதத் தெரியாதோ என்னவோ," என்றேன், ஆறுதலாக.

"நல்லா எழுதுவான். அதயும் அடிச்சு அடிச்சு நாந்தான படிக்க வச்சேன்."

அடுப்பு மறுபடி பற்றியதும் வண்டியை எடுத்தார். முகூர்த்தத்துக்கு முன்பே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

ஏரலில் நான் முதலில் இறங்கி, மகளைத் தூக்கக் கை நீட்டினேன். டிரைவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.